செத்தவீட்டு நேரலையும் மூன்றாவது புகாரும்

மன்னாரில் ஒருவர் கண்ணை மூடினால் முதலில் சுவாமியாருக்கோ ஐயருக்கோ சொல்வார்கள், அடுத்த அழைப்பு எனக்கு வரும். கமராவைத் தூக்கிக்கொண்டு போய், கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற சொந்தங்களுக்கு நேரலையில் காட்டுவது என் தொழில். செத்தவீடு, கலியாணம், சாமத்தியவீடு எதற்கும் போவேன். அழுதுகொண்டிருக்கும் ஒரு வீடு திடீரென்று அழுகையை நிறுத்திவிட்டு மொத்தமாக என்னைத் திரும்பிப் பார்த்தால், இணையம் படுத்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பார்வையை நீங்கள் ஒரு தடவை வாங்கிப் பார்க்க வேண்டும்.

"இந்த வீடியோ உங்கள் நாட்டில் கிடைக்காது" என்ற கறுப்புத் திரை எப்போதாவது உங்கள் முகத்தில் அடித்திருந்தால் நீங்களும் நம்மவர்தான். ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். என் கதையைக் கேட்டால் உங்கள் கதை சின்னதாகத் தெரியும்.

ஐஸ்லாந்தில் ஒரு சாமத்தியவீடு

அடம்பனில் ஒரு சாமத்தியவீடு, பிள்ளை பெரியவளான சடங்கு. பிள்ளை மணவறைக்கு வரும்போது ஒரு சினிமாப்பாட்டுப் போட வேண்டும் என்று தாய் பிடிவாதம். போட்டோம். பிள்ளை வந்தாள், பன்னீர் தெளித்தார்கள், நான் நேரலையில் விட்டேன். அடுத்த நாள் காலை, அந்தப் பாட்டு இன்னொருவரின் சொத்து, பதிப்புரிமை மீறல் என்று வீடியோத் தளத்திலிருந்து புகார் வந்துவிட்டது. வீடியோவை ஏறக்குறைய எல்லா நாட்டிலும் மூடிவிட்டார்கள். எஞ்சிய நாடுகளின் பட்டியலை அனுப்பியிருந்தார்கள். ஐஸ்லாந்து இருந்தது. பெயரை உச்சரிக்கத் தெரியாத இரண்டு தீவுகளும் இருந்தன.

பிள்ளையின் தகப்பனுக்கு இதை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பாட்டு எழுதினவர், இசை போட்டவர், கம்பனி, ஒப்பந்தம் என்று அரை மணித்தியாலம் வகுப்பு எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, என்ர பிள்ளை பெரிசானது அடம்பனில. அதை அடம்பனில பாக்கேலாது, ஐஸ்லாந்தில பாக்கலாம் எண்டு சொல்லுறியள். ஐஸ்லாந்தில எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

மூன்று தடவைச் சட்டம்

அது முதலாவது புகார். தளத்தின் சட்டம் நேரானது. மூன்று புகார் வந்தால் கணக்கையே மூடிவிடுவார்கள், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். என் கணக்குக்குள் எட்டு வருடத்துச் சாவும் கலியாணமும் கிடந்தன. பிரதி இல்லையா என்று கேட்கிறீர்கள். இருந்தது. பெருநாள் ஒன்றில் மாதாவின் சொரூபம் வள்ளத்தில் போவதை எடுக்கப்போய் நான் கடலுக்குள் விழுந்தேன். என்னை இழுத்தெடுத்தார்கள், பிரதிகள் இருந்த பையை ஒருவரும் எடுக்கவில்லை.

பிரான்சில் ஒரு மகன் இருக்கிறார். அங்கே தங்கும் விசா இன்னும் கிடைக்காததால் தாயின் அடக்கத்துக்கு வர முடியாமல் போனவர். ஒவ்வொரு ஆண்டும் தாயின் நினைவு நாளில் நான் எடுத்த அடக்க வீடியோவைப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டே சொல்லில் ஒரு செய்தி அனுப்புவார்: "பார்த்தனான், நன்றி." கணக்கு மூடினால் அந்த மனிதருக்கு என்ன பதில் சொல்வது? என் கவலையை மனைவியிடம் சொன்னேன். அவள் சொன்னது: "நீச்சல் தெரியாத ஆள் வள்ளத்தில ஏறேக்க பையைக் கரையில வைக்கோணும் எண்டு அண்டைக்கே சொன்னனான்."

கோட்டுக் களவு

நேரலையோடு கண்ணீர் அஞ்சலிப் பதாகையும் செய்து கொடுப்பேன். எங்கள் பக்கத்து ஆண்கள் உயிரோடு இருக்கும்போது சாரமும் பெனியனும்தான். செத்தபிறகு எல்லோருக்கும் கோட்டும் ரையும் வேண்டும். என்னிடம் ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது, கணினிக்குள். மூன்று பொத்தான், இடது பக்கம் ஒரு மடிப்பு. மீன்பிடிகாரர், கமக்காரர், சாரதி என்று எத்தனையோ பேரை அந்தக் கோட்டுக்குள் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஒருவரும் குறை சொன்னதில்லை.

ஒரு நாள் பேருந்தில் போகும்போது சந்தியில் ஒரு பதாகை கண்ணில் பட்டது. தலை எனக்குத் தெரியாதது. கோட்டு என்னுடையது! அதே மூன்று பொத்தான், அதே மடிப்பு. எனக்கு இரத்தம் கொதித்தது. இறங்கி, அதைச் செய்த ஸ்ரூடியோவுக்கே போய், பதிப்புரிமை, களவு, தொழில் தர்மம் என்று பொரிந்து தள்ளினேன். கடைக்காரன் என்னைவிட இளையவன். படத்தைத் திரையில் போட்டு, பெருப்பித்து, கொலருக்குள் கொண்டுபோய் நிறுத்தினான். அங்கே சின்னதாக ஒரு துணித்துண்டில் ஏதோ அந்நிய எழுத்து. பிறகு மிக மரியாதையாகக் கேட்டான்: "அண்ணை, கோட்டு உங்கட எண்டா, உள்ளுக்குக் கிடக்கிற வெளிநாட்டுக் கடைப் பேர் ஆருடையது?"

ஒப்புக்கொள்கிறேன்

நறுவிலிக்குளத்துக் கமக்காரர் கணபதிப்பிள்ளை ஐயா, ரொறன்ரோவில் நடக்கும் மகளின் புதுமனை புகுவிழாவைப் பார்ப்பதற்காகத் தொலைபேசியில் ஒரு செயலி போட என் கடைக்கு வந்தார். எல்லோரையும் போல நானும் விரலை "ஒப்புக்கொள்கிறேன்" என்ற இடத்துக்குக் கொண்டுபோனேன். கையைப் பிடித்துவிட்டார். "வாசிக்காமல் கையெழுத்து வைக்கிறேல்ல" என்றார். காணி உறுதி விசயத்தில் முன்பு எங்கேயோ அடி வாங்கியவர் போலிருக்கிறது. "ஐயா, இதை உலகத்தில் ஒருவரும் வாசிப்பதில்லை" என்றேன். "அப்ப நான் வாசிக்கிறன்" என்றார்.

பின்னேரம் நாலரைக்குத் தொடங்கினோம். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கிச் சொல்ல வேண்டும், அவர் "ம்" என்ற பிறகுதான் அடுத்த வரி. இரண்டு தடவை பால் விடாத பிளேன்ரீ வந்தது. வந்த வாடிக்கையாளர்களும் போகாமல் நின்று கேட்டார்கள். நாங்கள் பார்க்கும் படத்தை அவர்கள் பார்க்கலாமாம், நாங்கள் நிற்கும் இடம் அவர்களுக்குத் தெரியலாமாம், சட்டத்தை எப்போதும் மாற்றலாமாம். இத்தனை வருடமாக இதற்கெல்லாம் நான் ஓம் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. இரவு ஏழு மணி ஆகியது. ரொறன்ரோவில் பால் காய்ச்சி, குடித்து, எல்லோரும் சாப்பிட்டுக் கலைந்தும் விட்டார்கள். ஐயா எழுந்து, சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு சொன்னார்: "எல்லா இடத்திலயும் நான் என்ன குடுக்கோணும் எண்டு கிடக்கு தம்பி. எனக்கு என்ன தருவினம் எண்டு ஒரு இடத்திலயும் இல்லையே?"

தடை உத்தரவு

ஒரு காலத்தில் அரசாங்கம் சமூக வலைத்தளங்களை எல்லாம் மூடியது. மூடிய அன்றைக்குத்தான் என் கடையில் கூட்டம். வி.பி.என். போட்டால் தொலைபேசி வேறொரு நாட்டில் நிற்பதாக நினைத்துக்கொள்ளும், தடை வேலை செய்யாது. நெதர்லாந்தில் நிற்கிற ஆச்சிமாரும் ஜப்பானில் நிற்கிற மீன் வியாபாரிகளுமாக மன்னார் பட்டினம் இரண்டு நாள் திரிந்தது.

அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை செய்யும் ஒரு பெரிய ஐயா, கடையில் ஆட்கள் போகும்வரை வெளியே நின்றுவிட்டு உள்ளே வந்தார். தொலைபேசியை மேசையில் வைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒருத்தரும் பாவிக்கக்கூடாது எண்டு மேலிடத்துக் கடிதம் வட்ஸ்அப் குறூப்பில போட்டிருக்கினமாம். ஒருக்கால் திறந்துவிடும், வாசிச்சுப்போட்டு உடனே மூடுறன்."

இந்தியாவில் பார்த்த நிக்காஹ்

தலைமன்னார் சலீம் நானா என் பழைய வாடிக்கையாளர். மகனுடைய நிக்காஹ்வுக்கு என்னைக் கூப்பிட்டபோதே, "அங்க பாட்டு ஒண்டும் இல்லைதானே நானா?" என்று மூன்று தடவை கேட்டேன். "நிக்காஹ்வில என்ன பாட்டு மகன்?" என்று ஏசினார். உண்மையில் பாட்டு இல்லை. ஆனால் சரியாக மாப்பிள்ளை கையெழுத்து வைக்கிற நேரத்தில் லொத்தர் சீட்டு விற்கிற ஓட்டோ ஒன்று வீதியால் போனது. அதில் ஒலிபெருக்கி. ஒலிபெருக்கியில் ஒரு புதுப்படப் பாட்டு. லொத்தர்காரன் வாசலில் நின்று ஒரு முழுச் சரணத்தையும் போட்டுவிட்டுத்தான் போனான்.

இரண்டாவது புகார் வந்தது. இலங்கைக்குள் மட்டும் வீடியோ மூடப்பட்டது, இந்தியாவில் பார்க்கலாம். இதைக் கேட்ட சலீம் நானா கொஞ்சம் யோசித்தார். தலைமன்னார்க் கரையில் சில இடங்களில் தொலைபேசி அக்கரைக் கோபுரத்தைப் பிடித்து, இந்தியாவுக்கு நல்வரவு என்று செய்தி அனுப்பும். மறுநாள் பின்னேரம் நானா ரோமிங்கும் போட்டுக்கொண்டு, பாயும் பிளாஸ்கில் தேத்தண்ணியுமாகக் குடும்பத்தைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். தொலைபேசியை ஒரு தடியில் கட்டி உயர்த்திப் பிடித்து, எல்லோரும் நிக்காஹ் பார்த்தார்கள். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். நானா எனக்கும் ஒரு கோப்பை ஊற்றித் தந்துவிட்டுச் சொன்னார்: "கலியாணம் நடந்தது இஞ்ச, பாக்கிறது இந்தியாவில. நல்லவேளை மகன், சாப்பாட்டை இஞ்சயே போட்டு முடிச்சிட்டம்."

நித்திரைக்கு ஒரு பாட்டு

இனி ஒரே ஒரு புகார்தான் மிச்சம். அன்றிலிருந்து நான் வீடு வீடாக வானொலியை நிறுத்தித் திரிந்தேன். பக்கத்து வீட்டாரின் தொலைபேசி மணியைக்கூட மாற்றச் சொன்னேன். செத்தவீடு என்றால் மட்டும் நிம்மதி. அழுகையை யார் சொந்தம் கொண்டாடப் போகிறார்கள்?

வங்காலையில் பிலோமினாக்கா என்று ஒருவர். தையற்காரி, ஐம்பத்தைந்து வயதிருக்கும், கணவர் அந்தோனி அண்ணை இறந்து மூன்று வருடம். ஊரில் சாவு என்றால் தையலை வைத்துவிட்டு வந்து ஒப்பாரி சொல்வார். அவர் தொடங்கினால் கமரா பிடிக்கிற நானே கண்ணைத் துடைத்துக்கொள்வேன். அவருக்கு ஒரு பெருமை உண்டு: ஒருவருக்கு அழுத ஒப்பாரியை இன்னொருவருக்கு அழமாட்டார். "ஒராளுக்குத் தைச்ச சட்டையை மற்றாளுக்குப் போட்டுவிடுறேல்ல" என்பார். அயல்வீட்டு றீற்றம்மா இறந்தபோது பிலோமினாக்கா வருவாரா என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. றீற்றம்மாவின் ஆடு கொடியில் கிடந்த வாடிக்கையாளரின் சட்டையைத் தின்ற நாளிலிருந்து இருவருக்கும் ஒன்பது வருடம் பேச்சில்லை. வந்தார். தலைமாட்டில் இருந்து அழுதார். அழாதவர்கள் எல்லோரும் அழுதார்கள். நான் நேரலையில் விட்டேன்.

அடுத்த நாள் காலை மூன்றாவது புகார். அந்த ஒப்பாரி ஏதோ ஒரு வெளிநாட்டு இசைக் கம்பனிக்குச் சொந்தமாம். பத்து நாளுக்குள் தகுந்த பதில் இல்லையென்றால் கணக்கு மூடப்படும். பிரான்சு மகனின் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது, நான் அவரைப் பார்த்ததே இல்லை என்றாலும்.

அவர்கள் காட்டிய பாட்டைத் தேடிப் போட்டேன். பெயர் "கடலோர அமைதி: ஆழ்ந்த நித்திரைக்கான இசை". அலை, பியானோ, அதற்குள்ளே பிலோமினாக்காவின் குரல்: "முற்றத்தில செருப்பிருக்கு, போட்டு நடந்த காலெங்க..." அது மூன்று வருடத்துக்கு முன் அந்தோனி அண்ணையின் பெட்டிக்கு முன்னால் பாடியது. றீற்றம்மாவுக்கும் அதையே பாடியிருக்கிறார்! நான் கவனிக்கவில்லை, ஊர் கவனிக்கவில்லை, இராகத்தை மோப்பம் பிடிக்கிற மெசின் கவனித்திருக்கிறது. பாட்டின் நடுவில் வீதி வீதியாகப் பாண், பணிஸ் விற்கிற பாண்காரனின் ஓட்டோ இசை ஒன்று மெல்லக் கேட்டது. அதற்குப் பிறகு தெளிவாக ஓர் ஆண்குரல்: "அண்ணை, தலையை எடுங்கோ, பெட்டியை மறைக்குது!" பக்கத்தில் நின்ற என் மனைவி கூர்ந்து கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பாட்டு ஆருடையதோ தெரியாது. கத்துறது நீங்கள்தான்."

உரிமையாளர்

களவெடுத்தது யார் என்று அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நான்தான். ஜெர்மனியில் இருக்கும் என் மைத்துனன் கணினியில் இசை செய்கிறவன். "அத்தான், ஒரு சோகமான குரல் இருந்தா அனுப்புங்கோ" என்று ஒரு நாள் கேட்டிருந்தான். அந்தோனி அண்ணையின் செத்தவீட்டிலிருந்து நாலு நிமிடத்தை வெட்டி அனுப்பினேன். அவன் பியானோவைப் போட்டுக் கம்பனிக்குக் கொடுத்தான். கம்பனி தன் மெசினுக்குக் கொடுத்தது. மெசின் என்னைப் பிடித்தது. தொலைபேசியில் மைத்துனன் சொன்னது: பாட்டைப் பாடின ஆள், "இது என் பாட்டு, கம்பனிக்கும் வீடியோ எடுத்தவருக்கும் அனுமதி தருகிறேன்" என்று கையெழுத்து வைத்தால் புகாரை விலக்கலாம்.

ஒரு கோட்டுக்காக அந்தப் பெடியனோடு சண்டைக்குப் போன நான், ஒரு மனுசியின் அழுகையைக் கேளாமல் எடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் வெட்கத்தைவிடப் பயம் கூட. பிலோமினாக்காவின் கையில் எந்த நேரமும் கத்தரிக்கோல் இருக்கும்.

போனேன். தைத்துக்கொண்டிருந்தார். முழுவதையும் சொல்லி முடித்தேன். தையல் மெசின் நின்றது.

"என்னட்டக் கேட்டனியே?"

"இல்லை அக்கா."

"இவர் செத்தண்டு நான் அழுததை வெட்டி, ஜெர்மனிக்கு அனுப்பி, அதுக்கு மேளமும் போட்டிருக்கிறியள்."

"மேளம் இல்லை அக்கா, பியானோ."

"எழும்பிப் போ! உன்ர கணக்கை மூடட்டும்."

எழுந்தேன். வேறு வழி தெரியாமல்தான் அடுத்ததைச் சொன்னேன். "அக்கா, மெசின் என்னைப் பிடிச்சதே, றீற்றம்மாவுக்கு நீங்கள் அழுததும் அண்ணைக்கு அழுததும் ஒண்டு எண்டதாலதான்."

பிலோமினாக்கா முதலில் வாசலைப் பார்த்தார். பிறகு வேலியைப் பார்த்தார். "ஆர் சொன்னது ஒண்டெண்டு?"

"மெசின் அக்கா. அழுது விக்கி நிப்பாட்டுற இடம்கூட ஒண்டாம்."

கொஞ்ச நேரம் கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சட்டையைத் திண்ட ஆட்டுக்காரிக்கு நான் புதுசா என்னத்தைக் கட்டுறது? வாய் வரேல்லையடா. போய் இருந்தனான், பெட்டியைப் பாத்தனான், இவற்ற நினைவு வந்திட்டுது. அதுதான் தன்ர பாட்டில வந்தது." சொல்லும்போது குரல் உடைந்தது. ஒரு அழுகையை இரண்டாம் முறை அழுதவர்மேல் யார் குற்றம் சொல்ல முடியும்?

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரே ஒப்பந்தம் பேசினார். நான் கேளாமல் எடுத்ததை அவர் ஊருக்குச் சொல்லமாட்டார், அவர் திரும்ப அழுததை நான் சொல்லக்கூடாது. வாக்கைக் காப்பாற்றியிருக்கிறேன்: அவருடைய பெயர் பிலோமினா இல்லை, தொழில் தையலும் இல்லை, வங்காலையில் போய்த் தேடாதீர்கள். படிவத்தை நிரப்பினோம். முதன்முதலில் எப்போது வெளியிடப்பட்டது என்று ஒரு கேள்வி. "அவர் செத்த அண்டைக்கு, விடிய ஆறு மணிக்கு" என்றார். வேறு பங்களிப்பாளர்கள் உண்டா என்று இன்னொரு கேள்வி. "பாண்காரனையும் போடு, பாவம்" என்றார். நறுவிலிக்குளத்து ஐயாவைப் போல எல்லா வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார்.

பிறகு அந்தப் பாட்டைப் போடச் சொன்னார். தொலைபேசியைக் காதோடு பிடித்து, அலை, பியானோ, பாண்காரன், என் கத்தல் எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டார். கீழே பலர் கருத்து எழுதியிருந்தார்கள், வாசித்துக் காட்டினேன். பல வருடமாகத் தூக்கம் வராத ஒருவர் இதைக் கேட்டுத் தூங்கிவிட்டாராம். ஒரு தாய் ஒவ்வொரு இரவும் இதைப் போட்டுத்தான் குழந்தையைப் படுக்கவைக்கிறாளாம். பிலோமினாக்கா அந்தோனி அண்ணையின் படத்தை நிமிர்ந்து பார்த்தார். படத்தில் அண்ணை என் கறுப்புக் கோட்டோடு சிரித்துக்கொண்டிருந்தார். அக்காவும் அழுதபடியே சிரித்துவிட்டார்: "இருவத்தாறு வருசம் உந்த மனுசன்ர குறட்டையால நான் ஒரு நாள் ஒழுங்கா நித்திரை கொண்டதில்லை. இப்ப அவருக்கு அழுததைக் கேட்டு ஊருலகம் நித்திரை கொள்ளுதாமே!"

ஒன்பதாம் நாள் புகார் விலகி, அந்த ஆண்டும் பிரான்சிலிருந்து "பார்த்தனான், நன்றி" வந்து சேர்ந்தது. பாட்டுக்கு ஒரு சொந்தக்காரர், கோட்டுக்கு ஒரு சொந்தக்காரர், அழுகைக்கு ஒரு சொந்தக்காரி என்று எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிற இந்த இணையத்தில், இன்றுவரை ஒருவரும் உரிமை கோராதது என்னுடைய கத்தல் மட்டும்தான்.